சிலிண்டர் சுவரை உரசுவதா, விடுவதா?

எஞ்சினைப் பிரித்தாகிவிட்டது. ஹெட் ஒரு பக்கம் கிடக்கிறது, பிஸ்டன்கள் டீசல் ஊற்றிய தட்டில் ஊறுகின்றன. மெக்கானிக் போன் செய்கிறார்: "சார்ஜி, ரிங் செட் புதுசு போடறோம். கூடவே ஹோனிங்கும் அடிச்சிடவா?" நம்மில் பலர் "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தில் எஞ்சினின் அடுத்த ஐந்து வருடத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது பாதிக் கேள்விதான். "சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது?" என்பது முதல் பாதி. அதற்குப் பதில் தெரியாமல் ஹோனிங் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆகவே போனை வைத்துவிட்டு நேரில் போங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஹோனிங் என்பது சாணைக்கல் பதித்த கருவியைச் சிலிண்டருக்குள் சுற்றவிட்டு, மேலும் கீழும் ஓட்டி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவது. கோலப்புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக இழுத்த இழைகள் போல இருக்கும். அந்தக் கோடுகளுக்கு இரண்டு வேலை. பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகள் புது ரிங்கின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சுவரோடு சேர்த்து உட்கார வைக்கும். பல வருடம் ஓடிய சுவரில் இந்தக் கோடுகள் அழிந்து, எரிந்த ஆயிலின் பிசினும் படிந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதைத்தான் கிளேஸ் பிடித்துவிட்டது என்கிறோம். அதன் மேல் புது ரிங்கைப் போட்டால், குறிப்பாக முகத்தில் குரோம் பூசிய ரிங்கைப் போட்டால், அது பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். புகையும் நிற்காது.

இந்தக் கிளேஸை எடுத்துப் புதுக் கோடு போடுவது மட்டுமே இங்கே ஹோனிங்கின் வேலை. லேசான ஹோனிங் எடுக்கும் உலோகம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. தேய்ந்து அகன்றுபோன சிலிண்டரை அது மீட்டுத் தராது.

நான் டெல்லி கிழக்குக் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும். ஞாயிறு காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கி வந்து போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் சேட்டக்கின் சிலிண்டர் கையில் இருக்கும். இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் எல்லாம் இடிபட்டு, என்.பி.சி.சி. நிறுவனம் கட்டிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. வண்டிகள் அடித்தளத்தில். அங்கே சாக்கு விரிக்க முடியாது. ஆகவே வேலை பட்டறைக்குப் போகிறது. போர் வேலைக்கு, அதாவது சிலிண்டரை உள்ளே பெரிதாகக் கடைவதற்கு, பட்டறை அதையும் தாண்டி லேத்துக்கு அனுப்புகிறது. டெல்லியில் லேத் பட்டறையைக் 'கராத்' என்பார்கள்; அந்தச் சொல் தெரிந்திருந்தால் விசாரிக்கச் சுலபம். உங்கள் சிலிண்டர் எந்தக் கராதுக்குப் போகிறது, அங்கே ஹோனிங் மெஷின் இருக்கிறதா, கை டிரில்தானா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் சிலிண்டர் தேய்வதற்கு இரண்டு தனி வழிகள் உண்டு. ஒன்று, டிசம்பர், ஜனவரி காலைகள். ஐந்தாறு டிகிரி குளிரில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, செக்ரெட்டேரியட் வரை ஆறேழு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடுகிறோம். எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கூடுதலாக இறங்கிய பெட்ரோல் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போகிறது. மற்றது மே, ஜூன் மாதத்துப் புழுதிக்காற்று. ஏர் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால், அல்லது ஃபில்டரே இல்லாமல் யாராவது ஓட்டியிருந்தால், ராஜஸ்தான் மணல் நேராக ரிங்குக்குப் போகிறது. முதல் வகை எஞ்சினைத் திறந்தால் சுவர் பளபளவென்று இருக்கும், மேல் விளிம்பில் படி சிறியதாக இருக்கும். இரண்டாவது வகையில் சுவர் மங்கிய சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழாக நேர்க்கோடுகளோடு இருக்கும், படி பெரியதாக இருக்கும். முதல் வகை பெரும்பாலும் ஹோனிங்கோடு பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது பெரும்பாலும் பிழைக்காது. இது கண்ணால் பார்த்துச் சொல்லும் ஊகம்தான், அளவுதான் தீர்ப்பு.

'படி' என்றேன் அல்லவா, அதை விரலால் பார்த்துவிடுங்கள். சிலிண்டரின் வாயிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே, மேல் ரிங் வந்து திரும்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு கணம் ரிங் நிற்கிறது. ஆயில் படலம் மெலிகிறது. அதே நேரத்தில் எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைப் பின்னாலிருந்து சுவரோடு நெருக்குகிறது. சுவர் மிக அதிகமாகத் தேய்வது இங்கேதான். அதற்கு மேலே ரிங் தொடவே தொடாத ஒரு வளையம் பழைய அளவிலேயே நின்றுவிடும். ஆள்காட்டி விரல் நகத்தை உள்ளேயிருந்து மேல் நோக்கி இழுங்கள். நகம் தடங்கலில்லாமல் வெளியே வந்தால் நல்லது. லேசாக உணர்ந்தால் கவனிக்க வேண்டும். 'டக்' என்று மாட்டினால் ஹோனிங் பேச்சே எடுக்க வேண்டாம். அந்தப் படியை அப்படியே விட்டுப் புது ரிங்கைப் போட்டால், புது ரிங்கின் கூரான மேல்முனை அதில் இடித்து, ரிங்கோ பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள வரம்போ உடையும். சுவரில் எங்காவது கீறல் இருந்தாலும் இதே நகச் சோதனைதான். நகம் மாட்டுகிற கீறலை ஹோனிங் எடுக்காது.

அடுத்தது அளவு. முறையான வழி, உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ். மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் கிராங்க் ஷாஃப்டின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் இரண்டு தடவை, மொத்தம் ஆறு அளவு எடுக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்பு. ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் முட்டை வடிவம். பிஸ்டன் சாய்ந்து தள்ளுகிற பக்கம், அதாவது கிராங்குக்குக் குறுக்கான திசை, எப்போதும் கூடுதலாகத் தேயும். வெர்னியரை உள்ளே விட்டு அளந்து "எல்லாம் ஸ்டாண்டர்டுதான்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். நமக்கு வேண்டிய வித்தியாசம் வெர்னியரின் பிடிக்கு வராது.

போர் கேஜ் இல்லாத பட்டறையில் நான் செய்வது இது. புது மேல் ரிங் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிஸ்டனில் மாட்டாமல், வெறும் சிலிண்டருக்குள் வைக்கிறேன். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் மண்டையால் ரிங்கை மெல்லத் தள்ளினால் ரிங் சாயாமல் நேராக இறங்கும். படிக்குக் கீழே, தேய்மானம் அதிகமான இடத்தில் நிறுத்தி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கிறேன். பிறகு ரிங்குகள் அதிகம் எட்டாத அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி பார்க்கிறேன். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். ஆகவே இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் கூம்பு கிடைத்துவிடும். மேலே 0.55 மி.மீ., கீழே 0.30 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.25, கூம்பு ஏறக்குறைய 0.08 மி.மீ. முட்டை வடிவத்தை இந்த முறை காட்டாது, அதற்குப் போர் கேஜ்தான் வேண்டும். ஆனால் ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜும் வைத்துக்கொண்டு இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறதே, அதைச் செய்யாமல் ஏன் ஊகிக்க வேண்டும்?

கூம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கூம்பு 0.10 மி.மீ. இருந்தால் ரிங்கின் வாய் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் 0.31 மி.மீ. திறந்து, கீழே வரும்போது அவ்வளவும் மூட வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் விநாடிக்கு 50 சுற்று. அதாவது ரிங் விநாடிக்கு 50 தடவை விரிந்து 50 தடவை சுருங்குகிறது. எவ்வளவு நல்ல கம்பெனி ரிங்காக இருந்தாலும் அந்த அலைச்சலில் தாங்காது. சுவரில் எவ்வளவு அழகாகக் கோடு போட்டிருந்தாலும் பயனில்லை.

எந்த அளவில் எதைச் செய்வது? உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் சட்டம். அது கையில் இல்லாதபோது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு: கூம்பும் முட்டை வடிவமும் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் ஹோனிங் செய்து ஸ்டாண்டர்டு ரிங் போடலாம். 0.10 ஐத் தாண்டினால் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். நடுவில் இருப்பதுதான் மனிதரைச் சோதிக்கும்.

அந்த நடுப்பகுதியில் நான் எஞ்சினைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழைப் பார்க்கிறேன். டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டியும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 இல் இந்த விஷயம் மறுபடி நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆகவே வேலைக்குக் கொடுக்கும் முன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாருதி 800 இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 15 வருடக் கணக்கு அப்படியே நின்றால், கடைசியாக வந்த 800 கூட இந்த ஊரில் 2029 ஐத் தாண்டாது. இன்னும் இரண்டு வருடம்தான் ஓடப்போகிறது என்றால், 0.07 கூம்புக்கு ஹோனிங்கும் ரிங்கும் போதும். போர் போடுவது காசைக் கரைப்பது. அதே வண்டியை என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கித் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோய் அங்கே பதிவு செய்து, அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதே 0.07 க்கு நான் தயங்காமல் போர் போடச் சொல்வேன்.

போர் போடுவது என்று முடிவானால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், சிலிண்டரைப் பிறகு வெட்டச் சொல்லுங்கள். புல்லட்டோ ஸ்ப்ளெண்டரோ, கரோல் பாக் நாயிவாலா கலியில் உதிரிப்பாகம் கிடைக்கும். காருக்குக் காஷ்மீரி கேட். 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்ததா, 0.50 தான் கிடைத்ததா என்று தெரிந்த பிறகு, அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்றபடி வெட்ட வேண்டும். கடைசி 0.05 மி.மீ. அளவை லேத் எடுக்கக் கூடாது, ஹோனிங்குக்கு விட்டு வைக்க வேண்டும். போர் போட்ட சிலிண்டருக்கு ஹோனிங் கட்டாயம். அங்கே 'போடலாமா' என்ற கேள்வியே கிடையாது.

கல்லையே காட்டக் கூடாத இடங்களும் உண்டு. பழைய ரிங்கையே அதே பிஸ்டனில், அதே சிலிண்டரில் திரும்பப் போடுவதாக இருந்தால் சுவரைத் தொடாதீர்கள். ஹெட் கேஸ்கெட்டுக்காகவோ கிளட்சுக்காகவோ திறந்த எஞ்சின், கம்ப்ரெஷன் நன்றாக இருந்தது, புகை இல்லை என்றால், அந்த ரிங்கும் அந்தச் சுவரும் ஒன்றோடு ஒன்று பழகிப்போனவை. புதுக் கோடு போட்டால் பழகிய ரிங் மறுபடி தேய வேண்டியிருக்கும், இந்தத் தடவை அதனிடம் அவ்வளவு உலோகம் மிச்சம் இராது. புது ரிங் போட்டாலும், கம்பெனி போட்ட கோடுகள் தெளிவாகத் தெரிந்து, அளவும் சரியாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். பூச்சு போட்ட சிலிண்டர் மூன்றாவது. கே.டி.எம். 390 ட்யூக் போன்ற வண்டிகளில் அலுமினியச் சுவரின் மேல் நிக்கசில் என்ற நிக்கல், சிலிக்கன் கார்பைடுப் பூச்சு இருக்கிறது. அது சாதாரணச் சாணைக்கல்லுக்கானது இல்லை. கல் பூச்சைப் பெயர்த்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாருதி 800 இன் வார்ப்பிரும்பு பிளாக், சேட்டக், பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர் போன்றவற்றுக்குத்தான் இந்த அத்தியாயத்தின் கல் எல்லாம்.

சரி, அளந்தாயிற்று, ஹோனிங் என்று முடிவும் ஆயிற்று. அருகில் நின்று பாருங்கள். உஸ்தாத் டிரில்லில் மூன்று கால் ஹோனை மாட்டி முழு வேகத்தில் விட்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கோடுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்ட வேண்டும். அதை நிர்ணயிப்பது சுற்றும் வேகத்துக்கும் மேலும் கீழும் ஓடும் வேகத்துக்கும் உள்ள விகிதம். 70 மி.மீ. போர் உள்ள புல்லட்டில் டிரில் 300 ஆர்.பி.எம்.மில் சுற்றினால், கல் சுவரோடு நிமிடத்துக்கு 66 மீட்டர் ஓடுகிறது. 45 டிகிரி விழ, கை நிமிடத்துக்கு 27 மீட்டர் மேலும் கீழும் போக வேண்டும். 12 செ.மீ. நீள ஓட்டமாக எடுத்துக்கொண்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். கை வலிக்கும் வேகம் அது. டிரில்லை 150 க்குக் குறைத்தால் விநாடிக்கு ஒன்று. அதுதான் மனிதக் கைக்கு ஏற்றது. 2,500 ஆர்.பி.எம்.மில் சுற்றும் டிரில்லை ஒருவர் நிதானமாக ஏற்றி இறக்கினால் விழுவது திருகாணியின் மரை மாதிரிப் படுக்கைக் கோடு. ரிங் அதன் மேல் கடகடத்து ஓடும். கோடு மிகவும் செங்குத்தாக விழுந்தாலும் தவறுதான், ஆயில் அந்த வாய்க்கால் வழியே ஓடிவிடும். எமரி தாளைக் கையில் சுற்றி மேலும் கீழும் தேய்ப்பவரிடம் வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கிளேஸ் எடுக்க 220 முதல் 280 வரையிலான கல் போதும். ஆயில் தாராளமாக விட வேண்டும், இருபது முப்பது விநாடியில் நிறுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கால் ஹோனைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே இழுக்கக் கூடாது; டிரில்லை அணைத்து, அது நிற்கும்வரை மேலும் கீழும் ஓட்டி, கால்களை ஒடுக்கி எடுக்க வேண்டும். ஒடுக்காமல் இழுத்தால் நேர்க்கோடு விழும். சேட்டக் போன்ற டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் சுவரிலேயே போர்ட் துளைகள் இருப்பதால், மூன்று கால் ஹோனின் கல் துளையில் மாட்டி உடையக்கூடும். அங்கே இழைகளின் நுனியில் உருண்டைகள் வைத்த பிரஷ் மாதிரியான ஹோன்தான் நல்லது. பிறகு துளைகளின் விளிம்புக் கூரையும் மழுக்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கழுவுவதில் கோட்டை விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கே நடந்தது. 800 ஒன்றை, பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் விட்டேன். கிராங்கை இறக்காமல் ரிங்கும் ஹெட்டும் மட்டும் பார்க்கும் வேலை, ஹாஃப் எஞ்சின் என்பார்களே, அது. ஹோனிங் அழகாக இருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து மாட்டிவிட்டார்கள். மூன்றாயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி நீலப் புகை. திறந்தபோது புதுக் கோடுகள் ஒன்றுகூட இல்லை, பேரிங்கிலும் கீறல். கல்லின் பொடி கோடுகளுக்குள் தங்கி, ஆயிலோடு சேர்ந்து எஞ்சின் முழுக்க அரைத்திருந்தது.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெயைக் கரைக்கும். பொடியைத் தூக்கி வெளியே கொண்டுவராது. பொடியை எடுப்பது வெந்நீரும் சோப்பு நுரையும்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நைலான் பிரஷ், பொறுக்கும் அளவு சூடான நீர். கோடுகளின் திசையிலேயே தேயுங்கள், மூன்று தடவை நீர் மாற்றுங்கள். பிறகு வெள்ளைப் பனியன் துணியில் எஞ்சின் ஆயிலைத் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் பொடி இருக்கிறது, மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை நிறுத்தாதீர்கள். ஐந்தாறு துணி ஆகும். கழுவிய இரும்பு கண்ணெதிரே துருப் பிடிக்கும், ஆவணி மாத ஈரக்காற்றில் இன்னும் வேகமாக. ஆகவே ஈரம் போனவுடன் ஆயில் தடவிவிடுங்கள். கோடையானால் பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள். ஒரு புழுதிக்காற்று வந்தால் நீங்கள் கழுவியதெல்லாம் வீண். பிளாக்கை இப்படிக் கழுவ வேண்டுமானால் கிராங்க் வெளியே இருக்க வேண்டும். அதனால் காரில் ஹாஃப் எஞ்சின் வேலையோடு ஹோனிங்கைச் சேர்ப்பதை இப்போதெல்லாம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

மாட்டிய பிறகு முதல் சில கிலோமீட்டர்களில்தான் ரிங் உட்காரும். சின்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம், சாதாரண மினரல் ஆயில் போதும். ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஐடிலில் விட்டு 'பழக்குவது' கெடுதல். அழுத்தமில்லாமல் சுற்றினால் ரிங் சுவரோடு நெருங்காது, கிளேஸ் திரும்ப வந்துவிடும். நான் ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த நேரத்தில் எய்ம்ஸ் சந்திப்பில் நிற்க வேண்டியிராது. அரபிந்தோ மார்க்கில் குதுப் மினார் பக்கமாக, மூன்றாவது கியரில் 30 இலிருந்து 50 வரை அழுத்தமாக ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு 30 க்கு வர விடுவேன். ஏற்றும்போது வாயு ரிங்கைச் சுவரோடு தள்ளும். விடும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துத் தேய்ந்த துகளைக் கழுவும். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

500 கிலோமீட்டரில் அந்த ஆயிலை வடித்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று மெல்லிய சாம்பல் இழை ஓடினால் ரிங் தேய்ந்து உட்கார்ந்த தூள், அது இருக்கத்தான் செய்யும். புது ஆயிலை ஊற்றி, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் நிற்கும் இடத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த 1,000 கிலோமீட்டர் முடிந்ததும், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, அதே டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள்.